ஏதிலியான ஆய்வாளர்: மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் வாழும் நமக்கு, ஊரைவிட்டுப் போவோரும் போக்கிடமின்றி வந்து சேர்வோரும் புதியவர் அல்லர். 1914ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டுப் புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. தோட்டத் தொழிலாளரும் வணிகரும் அதில் இலங்கை சென்றனர். 1983ஆம் ஆண்டுக்குப் பின் அதே கடலைப் படகில் கடந்து ஈழத்து ஏதிலியர் வந்தனர். மண்டபம் முகாமில் தங்கினர். கீழக்கரை வணிகக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அயல்நாடு சென்று பொருளீட்டி வருகின்றனர். ஏர்வாடி தர்காவுக்கோ, மனநோய் தீரும் என்னும் நம்பிக்கையுடன் வெளிமாநிலத்தாரும் வருகின்றனர்.

பொருள் கருதியும், போருக்கு அஞ்சியும், பிணி நீங்க வேண்டியும் இடம்பெயர்வோரை நம் கவிஞர்கள் பாடியுள்ளனர். ஆனால் தம் அன்பின் இயல்பு காரணமாகவோ, தம் பால் அடையாளம் காரணமாகவோ வீட்டையும் உறவையும் விட்டுச் செல்வோரும் உளர். பால்புதுமையர் என்று இன்று தமிழில் குறிக்கப்பெறும் இவர்களுடைய பெயர்ச்சியைப் பற்றி நாம் எழுதியது குறைவு. அவர்கள் வாழ்வை முறையாகக் கேட்டறிந்து எழுதிவைத்த முன்னோடிகளுள் ஒருவர் ஜெர்மானிய மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். ஊரைவிட்டு வந்தவர்களின் வாழ்வைத் தொகுத்த அவரே இறுதியில் ஊரிழந்து மாண்டார் என்பது வரலாறு. அவ்வரலாற்றை நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் நினைவுகூர்வது பொருத்தமுடையது.

இளமையும் கல்வியும்

ஹிர்ஷ்ஃபெல்ட் 1868ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் பால்டிக் கடற்கரையில் உள்ள கோல்பெர்க் என்னும் ஊரில் பிறந்தார். அன்று பிரஷ்ய நாட்டில் அடங்கியிருந்த அவ்வூர் இன்று போலந்தைச் சேர்ந்தது. வாலிநோக்கத்து உப்பளங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அவ்வூரைப் பற்றி உவப்பான செய்தி ஒன்று உண்டு. இடைக்காலம் தொட்டே உப்பு வாணிகத்தால் பெயர்பெற்ற துறைமுகம் அது. தந்தை ஹெர்மன், யூத மரபினர். ஊரார் பெரிதும் மதித்த மருத்துவர்.

மைந்தர் முதலில் பயின்றது மருத்துவம் அன்று, மொழிநூல். பின்னரே தந்தையின் வழியைத் தேர்ந்தார். 1892இல் பெர்லினில் மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சில காலம் மாக்டபுர்க் நகரில் தொழில் புரிந்தபின், 1896இல் பெர்லினை அடுத்திருந்த சார்லோட்டன்பர்க்கில் குடியேறினார். தாமும் ஆடவரையே நேசித்தவர். எனினும் அதனைத் தம் நூல்களில் அவர் வெளிப்படையாக அறிவித்ததில்லை. அக்காலச் சட்டம் அதற்கு இடந்தரவில்லை.

ஓர் இளைஞரின் மறைவு

அவர் வாழ்வின் போக்கை மாற்றியவை இரு நிகழ்ச்சிகள். 1895இல் ஆங்கிலக் கவிஞரும் நாடக ஆசிரியருமான ஆஸ்கர் வைல்டு, ஆடவருடன் கொண்ட உறவுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். அக்காலத்திலேயே ஹிர்ஷ்ஃபெல்டிடம் மருத்துவம் பெற்றுவந்த இளம் படைஅதிகாரி ஒருவர், திருமணத்தை எதிர்நோக்கிய வேளையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தம் நிலையை உலகுக்கு உரைக்குமாறு வேண்டித் தம் மருத்துவருக்கு அவர் எழுதிவைத்துச் சென்றார். அவ்வேண்டுகோளை ஹிர்ஷ்ஃபெல்ட் தம் வாழ்நாட்கடமையாக ஏற்றார். 1896இல் சாப்போவையும் சாக்ரட்டீசையும் தலைப்பிற்கொண்ட சிறுநூல் ஒன்றைப் புனைபெயரில் வெளியிட்டார். அதுவே இத்துறையில் அவருடைய முதல் நூல்.

அன்றைய ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவு, ஆடவர் இருவரின் உடலுறவைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆங்கிலேயர் சேர்த்த 377ஆம் பிரிவின் உறவினர் என்றே அதனைக் கூறலாம். அப்பிரிவை நீக்கும் பொருட்டு 1897 மே 15 அன்று, தம் 29ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், அறிவியல் மனிதநேயக் குழுவை அவர் நண்பர் சிலருடன் தொடங்கினார். ஒருபால் ஈர்ப்புடையோரின் உரிமைக்கென உலகில் முதன்முதல் எழுந்த அமைப்பாக வரலாற்றாசிரியர் பலர் இதனைக் கருதுவர்.

நாடாளுமன்றத்துக்கு அக்குழு அனுப்பிய விண்ணப்பத்தில் காலப்போக்கில் ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்டனர். அறிவியலறிஞர் ஐன்ஸ்டீனுடன் கவிஞர் ரில்கே, எழுத்தாளர்கள் ஹெர்மன் ஹெஸ்ஸே, தாமஸ் மான் ஆகியோரும் அப்பட்டியலில் உளர். எழுதுகோல் பிடித்தோர் தமக்கு நேராத துன்பத்துக்காகவும் ஒப்பமிட முன்வந்தனர் என்பது கவிஞர்கள் கருதத்தக்கது.

கேட்டு எழுதியவர்

ஹிர்ஷ்ஃபெல்டுக்கு முன்னும் இப்பொருள் பற்றி மருத்துவர்கள் எழுதியதுண்டு. அவர்கள் பெரும்பாலும் சிறையிலும் மனநோய் மருத்துவமனையிலும் கண்டவர்களைக் கொண்டே எழுதினர்; ஆகவே எங்கும் குற்றத்தையும் நோயையுமே கண்டனர். ஹிர்ஷ்ஃபெல்ட் தெருவுக்கும் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் சென்றார். நூற்றுக்கு மேற்பட்ட வினாக்கள் கொண்ட தாள் ஒன்றை வகுத்து, பிறப்பு, குழந்தைப்பருவம், கனவு, காதல், அச்சம் ஆகியவற்றை அவரவரே எழுதித் தருமாறு வேண்டினார். அவ்வாறு திரண்ட வாழ்க்கைக் குறிப்புகள் பல்லாயிரம்.

1903, 1904ஆம் ஆண்டுகளில் சார்லோட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் ஏறத்தாழ 3,000 பேருக்கும், பின்னர் பெர்லின் உலோகத் தொழிலாளருக்கும் அவர் வினாமடல் அனுப்பினார். மாணவர் சிலர் மானநட்ட வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் 200 மார்க் தண்டம் விதித்தது. கேள்வி கேட்டதே குற்றமாயிற்று. அவரோ அத்துடன் நிற்கவில்லை.

1904இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்று பெர்லின் நகரத்து மூன்றாம் பாலினரைப் பற்றியது. இடப்பெயர்ச்சியை ஆராய்வோர் இதனை விரும்பிக் கற்கலாம். ஒரே கட்டடத்தின் முன்பகுதியில் குடியிருப்போர் பின்பகுதியில் இருப்போரை அறியாத பெருநகரம், சிற்றூரில் மூச்சுத் திணறியவர்க்கு எவ்வாறு புகலிடமாகிறது என்பதை அதில் விளக்குகிறார். அதே நகரில் கிறிஸ்துமஸ் இரவு வரும்போது, வீட்டாரால் விலக்கப்பட்டவர்கள் விடுதியொன்றில் கூடி அமர்ந்து, தத்தம் வீட்டை நினைந்து வருந்துவதையும் காட்டுகிறார். நகரம் ஒளிந்துகொள்ள இடந்தரும். திருநாளன்று அழைக்க ஆள் தராது. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்ப இயலாத ஒருவரை அறிந்தவர்க்கு அப்பக்கங்கள் அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றா.

மனிதரை ஆண், பெண் என இரு கூறாக மட்டும் பிரித்தல் இயற்கைக்குப் பொருந்தாது என்பது அவர் கொள்கை. உடலமைப்பு, உள்ளப்பாங்கு, ஈர்ப்பு முதலியவற்றின் சேர்க்கைகளைக் கணக்கிட்டு, 4,30,46,721 வகை மனிதர் இருத்தல் கூடும் என்று அவர் எழுதினார். எவரும் எவரைப் போலவும் இல்லை என்பதை ஒரு மருத்துவர் எண்ணால் சொல்லிய முறை இது.

தமிழ் பயின்றோர்க்கு இங்கே தொல்காப்பியம் நினைவுக்கு வரும். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்க்குத் தனியான ஈறு இல்லை என்றும், அஃது உயர்திணை முடிபையே கொள்ளும் என்றும் கிளவியாக்கம் விதி கூறுகிறது. சொல்லின் ஈறு இல்லாமையால் அவரை இலக்கணம் அஃறிணைக்குத் தள்ளவில்லை. சமூகம் இலக்கணத்தைப் பின்பற்றியிருப்பின் பலர் ஊர் நீங்க நேர்ந்திராது.

நிலையமும் அதில் வாழ்ந்தோரும்

1919 ஜூலை 6 அன்று பெர்லினில் பாலியல் அறிவியல் நிலையம் திறக்கப்பெற்றது. மருத்துவமனை, நூலகம், ஆய்வுக்கூடம், சொற்பொழிவு மண்டபம் ஆகியவை ஒரே மாளிகையில் அமைந்தன. திருமண அறிவுரையும் கருத்தடை விளக்கமும் தேடிப் பொதுமக்கள் வந்தனர். போக்கிடமற்ற பால்புதுமையர் சிலர் அங்கேயே தங்கிப் பணிபுரிந்தனர்.

அன்னாருள் ஒருவர் டோரா ரிக்டர். 1892இல் பொஹீமிய மலைப்பகுதிச் சிற்றூர் ஒன்றின் எளிய குடும்பத்தில் ஆண்மகவாகப் பதியப்பெற்றவர். சிறுவயது முதல் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்தவர். பெர்லினுக்கு வந்து, நிலையத்தில் பணிப்பெண்ணாக அமர்ந்தார். 1931க்குள் முழுமையான பால்மாற்று அறுவை மருத்துவம் பெற்ற முதல் திருநங்கையருள் ஒருவரானார். அவரைப் போன்றோர்க்கு வேறிடங்களில் வேலை கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது.

உடை காரணமாகத் தெருவில் கைதானவர்க்காக ஹிர்ஷ்ஃபெல்ட் மருத்துவச் சான்று எழுதினார். அதனைக் கொண்டு பெர்லின் காவல்துறை அவர்க்கு அனுமதிச் சீட்டு வழங்கியது. அடையாளத்தாள் ஒன்று இல்லாமையால் நேரும் இன்னலை முகாம்களை அறிந்த இக்கரையார் நன்குணர்வர்.

இவ்வளவு சிறப்புடையவரிடமும் குறை உண்டு. மனித இனத்தைத் தேர்ந்து மேம்படுத்தலாம் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கையை அக்கால மருத்துவர் பலரைப் போல அவரும் ஏற்றிருந்தார். சுரப்பி மாற்று மருத்துவத்தால் ஈர்ப்பை மாற்றலாம் என்னும் ஆராய்ச்சிக்கும் ஒரு காலத்தில் ஊக்கமளித்தார். இயல்பு என்று தாம் நிறுவியதை மருந்தால் மாற்ற முனைவோர்க்கு அவரே வழிவிட்டது முரணாகும். வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இதனை மறைத்தல் தகாது.

தாக்குதலும் உலகப் பயணமும்

யூதர், ஒருபால் ஈர்ப்புடையார், சமூக சனநாயகர் ஆகிய மூன்றும் சேர்ந்த அவரைத் தேசியவெறியர் விட்டுவைக்கவில்லை. 1920 அக்டோபரில் மியூனிக் நகரில் சொற்பொழிவு முடிந்து திரும்பும்போது கடுமையாகத் தாக்கப்பட்டார். அவர் இறந்ததாகவே நாளிதழ்கள் எழுதின. தம் இறப்புச் செய்தியைத் தாமே படிக்கும் நிலை நேர்ந்தது. 1929இல் நாடாளுமன்றக் குழு ஒன்று 175ஆம் பிரிவின் நீக்கத்துக்கு ஆதரவாக 15க்கு 13 என வாக்களித்தது. வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. எனினும் அரசியல் காற்று திசைமாறிற்று.

1930 நவம்பரில் அவர் அமெரிக்கா சென்றார். அங்கிருந்து ஜப்பான், சீனம், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுகள் வழியாகப் பயணம் நீண்டது. 1931இல் ஷாங்காயில் லீ ஷியு டோங் என்னும் 24 வயது மாணவர் அவர் சொற்பொழிவைக் கேட்டு, உடன் வரலானார். மாணாக்கராகவும் துணைவராகவும் இறுதிவரை இருந்தார்.

அவ்வாண்டே இருவரும் இலங்கைக்கும் பின் இந்தியாவுக்கும் வந்தனர். அலகாபாத்தில் நேருவின் இல்லத்தில் ஹிர்ஷ்ஃபெல்ட் விருந்தினரானார். இந்திய விடுதலைக்கு ஆதரவாகத் துணிந்து பேசினார். இந்தியப் பெண்டிரின் நிலையைக் காட்டி நம்மை ஆளத் தகுதியற்றோராகச் சித்திரித்த காதரின் மேயோவின் நூலை ஆங்கிலேயர்க்குச் சார்பான பரப்புரை என்று மறுத்தார். பால்சார்ந்த இழிநிலைகள் இலண்டனிலும் உண்டு என்பதைச் சான்றுடன் எடுத்துக்காட்டினார். ஓர் இனத்தை மற்றோர் இனம் தாழ்த்துவதும், ஓர் ஈர்ப்பை மற்றோர் ஈர்ப்பு தாழ்த்துவதும் ஒரே பிழையின் இரு கிளைகள் என்னும் தெளிவு அவர் பிற்கால எழுத்தில் வளர்ந்தது. இனவெறியைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1938இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

நாடிழந்த நாட்கள்

1932 மார்ச்சில் ஏதென்ஸ் வந்தடைந்தபோது, ஜெர்மனிக்குத் திரும்புதல் உயிருக்கு இறுதி என்று நண்பர்கள் எச்சரித்தனர். அவர் திரும்பவேயில்லை. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் தங்கிப் பின் பாரிஸ் சேர்ந்தார்.

1933 மே 6 அன்று நாசி மாணவர் கூட்டம் அவர் நிலையத்துள் புகுந்து சூறையாடியது. மே 10 இரவு, பெர்லின் ஓபரா சதுக்கத்தில் மூட்டிய தீயில் நிலையத்து நூல்களும் எரிந்தன. கம்பில் குத்திய அவருடைய மார்பளவுச் சிலையையும் ஊர்வலத்தில் தூக்கிச் சென்றனர். பாரிஸ் திரையரங்கு ஒன்றில் செய்திப்படத்தில் அக்காட்சியை ஹிர்ஷ்ஃபெல்ட் கண்டார். தம் வாழ்நாள் உழைப்பு சாம்பலாவதைப் பிறருடன் இருக்கையில் அமர்ந்து பார்க்க நேர்ந்த ஆய்வாளர் அவர். ஊர்விட்டு ஊர் வந்தோர் அச்சத்துடன் எழுதித் தந்த வாழ்க்கைக் குறிப்புகளும் பெருமளவு அழிந்தன.

பிரான்சில் நிலையத்தை மீண்டும் நிறுவ முயன்றார், இயலவில்லை. 1935 மே 14 அன்று, தம் 67ஆம் பிறந்தநாளில், நீஸ் என்னும் கடற்கரை நகரில் காலமானார். பால்டிக் கரையில் பிறந்தவர் மத்தியதரைக் கடலோரத்தில் அடங்கினார். அவ்வாண்டிலேயே நாசி அரசு 175ஆம் பிரிவை மேலும் கடுமையாக்கியது. அதன்பின் பல்லாயிரவர் சிறைப்பட்டனர், வதைமுகாம்களில் மாண்டோரும் பலர். அப்பிரிவு முற்றிலும் நீங்கியது 1994இல்தான்.

எஞ்சியவை

அவர் தம் உடைமைகளை இருவர்க்கு எழுதிவைத்தார். ஒருவர் நிலையக் காப்பாளரும் நெடுநாள் துணைவருமான கார்ல் கீசே. பிரான்சிலிருந்து வெளியேற்றப்பட்ட அவர், செக்கோஸ்லோவாகியாவின் பிர்னோ நகரில் 1938இல் தற்கொலை செய்துகொண்டார். மற்றவர் லீ. அவர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பயின்று, ஹாங்காங்கில் வாழ்ந்து, இறுதியில் கனடாவின் வான்கூவரில் குடியேறினார். ஆசானின் குறிப்பேடுகளையும் முகவார்ப்பையும் நாடு நாடாகச் சுமந்து சென்றார். 1993இல் அவர் இறந்தபின் அப்பொருள்கள் குப்பையில் வீசப்பட்டன. அதே கட்டடத்தில் குடியிருந்த ஒருவர் அவற்றின் அருமை ஏதோ உண்டு என உணர்ந்து எடுத்துவைத்தார். பத்தாண்டு கடந்தபின் பெர்லின் ஆய்வாளர் அவரைக் கண்டடைந்தனர். லீயின் முடிவுறாத கையெழுத்துப்படி ஒன்றும் அவற்றுள் இருந்தது. ஆசான் கணித்ததைவிடப் பன்மடங்கு மிகுதியானோர் ஒருபால் ஈர்ப்பும் இருபால் ஈர்ப்பும் உடையவர் என்று அதில் அவர் வாதிட்டிருந்தார்.

டோரா ரிக்டர் 1933ஆம் ஆண்டுத் தாக்குதலில் மாண்டார் என்றே நூல்கள் பல்லாண்டு எழுதிவந்தன. அண்மை ஆண்டுகளில் ஊர்ப்பதிவேடுகளைத் தேடிய ஆய்வாளர், அவர் தப்பிப் பொஹீமியா சென்றதையும், 1934இல் சட்டப்படி பெண் பெயர் பெற்றதையும், போருக்குப் பின் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ஜெர்மானியருடன் பவேரியா சேர்ந்து 1966இல் முதுமையில் மறைந்ததையும் கண்டறிந்தனர். இறந்தவர் எனக் கருதப்பட்டவர்க்கு ஆவணம் ஒன்று 33 ஆண்டு வாழ்வை மீட்டுத் தந்தது. ஆய்வின் பயன் இதைவிடச் சிறந்தது வேறில்லை.

நம் கரையில்

இவ்வரலாறு நமக்கு எவ்வகையில் உறவுடையது? 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப இயலாது மாண்டனர். புரியாத மனிதரைக் கட்டிவைத்தால் விளைவது யாது என்பதை இவ்வூர் கண்ணால் கண்டது. மனநோயாளர் வேறு, பால்புதுமையர் வேறு. ஆயினும் பால்புதுமையரையும் நோயாளர் எனக் கொண்டு தீர்வு தேடி அலையும் பெற்றோர் தமிழகத்தில் இன்றும் உளர்.

மதுரையைச் சேர்ந்த இளம்பெண்டிர் இருவர், தம் காதலைப் பெற்றோர் ஏலாமையால் சென்னைக்குச் சென்று காப்பு வேண்டிய வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் இடைக்கால ஆணை பிறப்பித்தார். ஈர்ப்பை மாற்ற முயலும் மருத்துவத்தை அது தடைசெய்தது. அதற்கு முன் இப்பொருளைத் தாமே உளவியலாளரிடம் பயின்றார் அந்நீதியரசர். அவர் வழிகாட்டுதலின் தொடர்ச்சியாக, கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசு 2022இல் வெளியிட்டது. 2014இல் திருநர் உரிமையையும், 2018இல் 377ஆம் பிரிவின் தளையிலிருந்து ஒருபால் ஈர்ப்புடையோரையும் உச்சநீதிமன்றம் காத்திருந்தது. இலங்கையிலோ ஆங்கிலேயர் விட்டுச் சென்ற அத்தகைய சட்டம் இன்னும் நூலில் உள்ளது. கடலின் இரு கரையில் ஒரே மொழி பேசுவோர்க்கு இரு வேறு சட்டம்.

சட்டம் கதவைத் திறக்கலாம். வெளியேறியவர் வாழ்வை எழுதிவைத்தல் சட்டத்தின் பணியன்று. அயல்நாட்டில் புகலிடம் கோரும் பால்புதுமையர் தம் இயல்பை மெய்ப்பிக்குமாறு அலுவலர் முன் வினவப்படுகின்றனர். உடற்சோதனையும் அந்தரங்கப் படச்சான்றும் மனித மாண்புக்கு ஒவ்வாதவை என ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஹிர்ஷ்ஃபெல்டின் வினாத்தாள் கதை சொல்லத் தந்த இடம். இவ்வினாக்களோ கதையை ஐயுறுபவை. கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதே ஆய்வுக்கும் விசாரணைக்கும் உள்ள வேறுபாடு.

சென்னைக்கும் கோவைக்கும் வளைகுடாவுக்கும் சென்ற நம் ஊர்ப் பிள்ளைகளுள் திரும்ப அழைக்கப்படாதோர் எவரெவர் என நாம் எண்ணிப் பார்த்ததில்லை. கவிஞரும் ஆய்வாளரும் கூடிய நம் வட்டம், அடுத்த பத்தாண்டில் அவர்கள் இசைவுடன், பெயர் காத்து, அவரவர் சொற்களிலேயே வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுக்கலாம். படைஅதிகாரி ஒருவர் எழுதிவைத்த வேண்டுகோளிலிருந்து ஹிர்ஷ்ஃபெல்டின் பணி தொடங்கியது. வான்கூவரில் ஓர் அண்டைவீட்டார் குப்பையிலிருந்து எடுத்துவைத்த பெட்டியால் அது நம் காலம் வரை வந்தது. எழுதுவோரும் வேண்டும், எடுத்துவைப்போரும் வேண்டும். இரண்டும் இயலும் அன்பர்கள் இவ்வட்டத்தில் உளர்.